சைவம், வீகன்: மாறுகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பதினாறு வருடமாக உணவியலாளராக வேலை பார்க்கிறேன். அதில் கடைசி ஒன்பது வருடம் நானும் வீகன், அதாவது பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடுவதில்லை. சாப்பாடு, சத்து, சமையல் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். வீட்டாரைச் சம்மதிக்க வைப்பது, நண்பர்களோடு வாதாடி ஜெயிப்பது இதெல்லாம் என் துறை இல்லை. இன்னொன்று, பி12 பற்றிக் கேட்பதற்கு முன் முதல் பதிலைப் படித்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

பாதிவழி: மூன்று வாரமாக இறைச்சி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். முதலில் எதைக் கவனிக்க வேண்டும் மேடம்?

பி12. இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் எதைக் கவனிப்பது என்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இந்த வைட்டமினைச் செடியும் தயாரிப்பதில்லை, விலங்கும் தயாரிப்பதில்லை. நுண்ணுயிரிகள்தான் தயாரிக்கின்றன. மாடு, ஆட்டின் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் செய்து கொடுப்பதை அவை உடம்பில் சேர்த்து வைக்கின்றன. நாம் இறைச்சியிலும் பாலிலும் அதை வாங்கிக்கொள்கிறோம். அந்தக் கதவைச் சாத்திய பிறகு மாத்திரை அல்லது பி12 செறிவூட்டிய உணவு, இரண்டில் ஒன்று கட்டாயம்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம்தான். அப்படியானால் மாத்திரையில் ஏன் 100, 1000 என்று போட்டிருக்கிறார்கள்? குடல் ஒரே தடவையில் முறையாக உள்ளே விடுவது சுமார் 2 மைக்ரோகிராம். அதற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் ஏறக்குறைய 1 சதவீதம்தான் கசிந்து உள்ளே போகும். அதனால் தினமும் 50 முதல் 100 மைக்ரோகிராம், அல்லது வாரம் இரண்டு முறை 1000 மைக்ரோகிராம். சயனோகோபாலமின் என்று எழுதியிருக்கும் சாதாரண மாத்திரையே போதும்.

இதில் ஏமாற்றுவது கல்லீரல். சில வருடங்களுக்கான இருப்பை அது வைத்திருக்கும். "ரெண்டு வருஷம் ஆச்சு, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பவர்கள் பழைய சேமிப்பை எடுத்துச் செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. காய், கீரை, பருப்பு நிறையச் சாப்பிடும்போது ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் ஏராளமாகக் கிடைக்கும். அது பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடும். நரம்புச் சேதம் மட்டும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கும். ஆகவே ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வீகனான நான்காவது வருடம் எனக்குப் பாதம் மரத்துப்போனது. உட்கார்ந்தே வேலை பார்ப்பதால் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்துகொண்டு, தீர்ந்துபோன என் மாத்திரையை ஒரு வருடத்துக்கு மேல் வாங்காமல் இருந்திருக்கிறேன். அந்த மரத்துப்போதல் குணமாக ஆறு மாதம் பிடித்தது.

கணக்குப்பிள்ளை: தானியமும் பருப்பும் ஒரே வேளையில் சேர்ந்தால்தான் முழுப் புரதம் என்று படித்தேன். இரண்டையும் எடை போட்டுத்தான் சாப்பிடுகிறேன். சரிதானே?

தராசைப் பரண் மேல் போடுங்கள். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது; அவற்றில் லைசின் தானியத்தில் குறைவு, மெத்தியோனின் பருப்பில் குறைவு, ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே தட்டில் சந்தித்தாக வேண்டியதில்லை. உடம்பு அமினோ அமிலங்களைக் கொஞ்ச நேரம் கைவசம் வைத்திருக்கும். அன்றைக்குள் இரண்டும் வந்தால் போதும். "ஒரே வேளையில்" என்ற நிபந்தனை 1971ல் வெளிவந்த ஒரு பிரபலமான புத்தகத்தால் பரவியது. அதை எழுதியவரே 1981 பதிப்பில் தன் கருத்தைத் திருத்திக்கொண்டார். திருத்தம் மட்டும் ஊர் சுற்றவில்லை.

எடை போடுவதாக இருந்தால் மொத்த அளவைப் போடுங்கள். 60 கிலோ உடம்புக்குக் குறைந்தபட்சம் 48 கிராம் புரதம். முழுக்கத் தாவர உணவு என்றால் 60 கிராம் வரை போகச் சொல்வேன், ஏனென்றால் செரித்துச் சேர்வது கொஞ்சம் குறைவு. வேகவைத்த பருப்பு 100 கிராமில் சுமார் 9 கிராம்தான் இருக்கிறது. எனவே பருப்பு, கொண்டைக்கடலை, டோஃபு, கொட்டைகள் என்று நாள் முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்க வேண்டும். தட்டிலிருந்து இறைச்சியை எடுத்துவிட்டு அந்த இடத்தை உருளைக்கிழங்கால் நிரப்பியவர்கள்தான் மூன்றாவது மாதம் "எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை" என்று என்னிடம் வருகிறார்கள்.

பெயர் வேண்டாம்: சோயா சாப்பிட்டால் ஆண்மை குறையுமா?

குறையாது. ஆண்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் டெஸ்டோஸ்டிரோன் அளவு மாறவில்லை. அடுத்தவர்.

மலையேறி: ஒரே வாரத்தில் வயிறு உப்பி, நாலு பேர் நடுவில் உட்கார முடியவில்லை. விட்டுவிடலாமா அக்கா?

வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள். பருப்பு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றைச் செரிக்க நம்மிடம் நொதி இல்லை. பெருங்குடல் கிருமிகள் விருந்து வைத்துச் சாப்பிட்டுவிட்டு வாயுவை நமக்கு விடுகின்றன. தோல் நீக்கிய பருப்பு, டோஃபு என்று ஆரம்பித்து, முழுப் பயறுகளைச் சின்னக் கரண்டி அளவில் கூட்டிக்கொண்டே போங்கள். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவையுங்கள். தண்ணீரும் கூடுதலாகக் குடிக்க வேண்டும். சில வாரத்தில் குடல் பழகிவிடும்.

ஊறவைப்பது பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு ராஜ்மாவை அரைவேக்காட்டில் சாப்பிடாதீர்கள். அதில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் நான்கைந்து பச்சை விதையிலேயே கடும் வாந்தி எடுக்க வைக்கும். நல்ல கொதியில் குறைந்தது பத்து நிமிடம் வேக வேண்டும். நான் அரை மணி நேரம் விடுகிறேன். குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் நேராகப் போடவே கூடாது. கொதி வராத அந்தச் சூடு நஞ்சை அழிக்காது, கூட்டவும் செய்யும்.

ஒரு தாய்: என் மகளுக்கு 17 வயது. இறைச்சியை விட்டு ஒரு வருடம் ஆகிறது. முடி கொட்டுகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது. தினமும் பசலைக்கீரை கொடுக்கிறேன். அப்படியும் ஏன்?

அம்மா, கீரையை மட்டும் நம்பாதீர்கள். பசலையில் இரும்பு இருக்கிறதுதான், ஆனால் உடம்பில் சேர்வது சொற்பம். தாவர இரும்பு சேர்வதும் சேராததும் அதோடு என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. வைட்டமின் சி கூட வந்தால் நன்றாக ஏறும். டீ, காபி வந்தால் இறங்கிவிடும். எனவே பருப்போடும் பயறோடும் எலுமிச்சை, தக்காளி, குடைமிளகாய், ஏதாவது ஒன்று. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேர இடைவெளி. முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் உதவும், இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் அதில் குறைகிறது. மாதவிடாய் வரும் வயதில் சாதாரணமாகவே 15 முதல் 18 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சைவர்களுக்கு அதைப்போல 1.8 மடங்கு என்று அமெரிக்கப் பரிந்துரை சொல்கிறது.

ஆனால் மூச்சு வாங்குகிறது என்கிறீர்கள். இது இனி சமையலறையில் தீர்க்கிற விஷயம் இல்லை. இந்த வாரமே டாக்டரிடம் காட்டி ஹீமோகுளோபின், ஃபெர்ரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டுவது), பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள். பார்ப்பதற்கு முன்பே இரும்பு மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

இன்னொன்று, தப்பாக நினைக்காதீர்கள். இறைச்சியை விட்ட பிறகு வேறு எதையெல்லாம் விட்டாள்? எண்ணெய், தானியம், இரவுச் சாப்பாடு, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவது? இந்த வயதில் சில பிள்ளைகள் சாப்பாட்டைக் குறைப்பதற்கு "நான் சைவம்" என்பதை ஒரு நல்ல காரணமாக வைத்துக்கொள்வார்கள். எல்லோரும் அல்ல. உங்கள் மகள் அப்படி என்றும் நான் சொல்லவில்லை. கவனியுங்கள், அதட்டாதீர்கள்.

பச்சைத்தூள்: ஸ்பைருலினாவில் பி12 நிறைய இருக்கிறதே?

அதில் இருப்பதில் பெரும்பகுதி போலி பி12. நம் உடம்புக்குப் பயன்படாது. முதல் பதில்.

வால் இல்லாதவன்: என் பூனையையும் வீகனாக்கலாமா?

வேண்டாம். பூனை இறைச்சியை வைத்தே வாழும் பிராணி. இறைச்சியில் இருக்கும் டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். மேற்கொண்டு கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

கடலோரம்: சிப்பிக்கு மூளை கிடையாது. வலி தெரிய வாய்ப்பில்லை என்கிறார்கள். பி12, இரும்பு, துத்தநாகம் எல்லாம் அதில் கொட்டிக் கிடக்கிறது. வீகன்கள் சிப்பி சாப்பிடலாமே?

சத்துக் கணக்கு சரி. துத்தநாகத்தில் சிப்பியை மிஞ்ச ஆளே இல்லை. ஆனால் அது கடல்நீரை வடிகட்டிச் சாப்பிடும் உயிர். தண்ணீரில் இருக்கும் கிருமியும் அதில் சேரும். பச்சையாக வேண்டவே வேண்டாம். மட்டி, சிப்பி ஒவ்வாமை இருப்பவர்கள் கிட்டவே போகாதீர்கள். வீகனா இல்லையா என்பது என் துறை இல்லை.

இலைமறை: துறை இல்லை என்று நழுவாதீர்கள். 1944ல் இங்கிலாந்தில் வீகன் என்ற சொல்லை உண்டாக்கியதே விலங்கிலிருந்து வருவது எதுவும் வேண்டாம் என்பவர்கள்தான். சிப்பி விலங்கு. முடிந்தது.

கடலோரம்: அப்படியானால் கடற்பஞ்சும் விலங்குதான், அதற்கு நரம்பே கிடையாது. உங்களுக்கு வேண்டியது உயிரியல் வகைப்பாடா, வலி இல்லாமையா?

கணக்குப்பிள்ளை: சிப்பிக்கு மூளை இல்லை, ஆனால் நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. தொட்டால் மூடிக்கொள்கிறதே?

கடலோரம்: தொட்டாற்சிணுங்கியும்தான் மூடிக்கொள்கிறது!

சரி, அது நல்ல பதில். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிப்பி இனம் முழுவதையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். ஸ்கேலப் என்று ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். ஓட்டைப் படபடவென்று அடித்து நீந்தித் தப்பிப்பான். ஓட்டின் ஓரத்தில் 200 கண்கள் வரை இருக்கும். பாறையில் ஒட்டிக் கிடக்கும் சிப்பிக்குச் சொல்வதை அவனுக்கும் சேர்த்துச் சொல்ல முடியாது. நான் சாப்பிடுவதில்லை. காரணம் தத்துவம் அல்ல, மாத்திரையில் கிடைப்பதற்காக ஒரு சந்தேகத்தை ஏன் விழுங்க வேண்டும் என்பதுதான். போதுமா?

இலைமறை: போதாது. "நான் வீகன், சிப்பி மட்டும் சாப்பிடுவேன்" என்று ஒருவர் சொன்னால், அடுத்த முறை வெளியே சாப்பிடப் போகும்போது என் தட்டில் மீன் குழம்பு வரும்.

இது நியாயமான கவலை. ஆனால் போதும். இதோடு விடுங்கள்.

வேர்க்கடலை: கழுவாத கேரட்டில் மண் ஒட்டியிருக்கும், அதில் பி12 கிடைக்கும் என்கிறார்களே?

கழுவிச் சாப்பிடுங்கள். முதல் பதில்.

நாற்பத்தெட்டு: இறைச்சியை விட்டால் ஆயுள் கூடுமா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரே வரியில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். பிரிட்டனில் சுமார் 48,000 பேரைப் பதினெட்டு வருடம் தொடர்ந்து கவனித்த எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வின் முடிவு 2019ல் வந்தது. இறைச்சி சாப்பிடுபவர்களை விடச் சைவர்களுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பு நோய் 22 சதவீதம் குறைவு. பக்கவாதம் 20 சதவீதம் அதிகம். அதே குழுவில் வீகன்களுக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் அதிகம் என்று 2020ல் வந்தது. கால்சியமும் புரதமும் குறைவு, உடல் எடையும் குறைவு என்பதெல்லாம் அதில் ஒரு பங்கு. முதல் எண்ணை மட்டும் பகிர்கிறவர்கள் ஒரு பக்கம், மூன்றாவதை மட்டும் பகிர்கிறவர்கள் இன்னொரு பக்கம். நான் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் கால்சியம் செறிவூட்டிய சோயா பால் வாங்குகிறேன், வாரம் மூன்று நாள் எடை தூக்குகிறேன். அந்தப் பால் பெட்டியை நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். கால்சியம் அடியில் தங்கிவிடும்.

புது அப்பா: எட்டு மாதக் குழந்தைக்குப் பாதாம் பால் பழக்கலாமா?

கூடாது. ஒரு வயதுக்குள் தாய்ப்பால் அல்லது குழந்தைகளுக்கான பால் மாவு. எந்தத் தாவரப் பாலும் அதற்கு மாற்று அல்ல. குழந்தை மருத்துவரிடம் பேசாமல் எதையும் மாற்றாதீர்கள்.

மீன்பிரியன்: மீனை விட்டால் ஒமேகா-3க்கு எங்கே போவது?

மீனுக்கே அது பாசியிலிருந்துதான் வருகிறது. ஆளி விதை, வால்நட் தினமும் சேருங்கள். ஆனால் அதிலிருந்து உடம்பு தயாரித்துக்கொள்ளும் டிஹெச்ஏ, அதாவது மீனில் இருக்கும் ஒமேகா-3 வகை, மிகக் குறைவு. வேண்டுமானால் நுண்பாசி எண்ணெய் மாத்திரை இருக்கிறது. அயோடினையும் மறக்காதீர்கள். மீனோடு அதுவும் போய்விடுகிறது. அயோடின் கலந்த உப்பு போதும்; நிறத்துக்காக வாங்கும் உப்பில் அது போதிய அளவு இருக்காது.

இரவுப்பணி: தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். வீகனாக மாறலாமா மேடம்?

மாறலாம். சோயாவையும் மாத்திரையையும் ஒன்றாக எடுக்காதீர்கள், மாத்திரை சேர்வதை சோயா தடுக்கும். சில மணி நேரம் தள்ளி வையுங்கள். மாறிய பிறகு ஒருமுறை டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டக் கூடாது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் தட்டை மாற்ற வேண்டும், இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே பி12ஐக் குறைக்கும். ஆகவே முதல் பதிலை இரண்டு தடவை படிக்கவும்.

புதுவரவு: வணக்கம். வீகன்கள் ஏதாவது வைட்டமின் மாத்திரை சாப்பிட வேண்டுமா?

முதல் பதில்.

கடலோரம்: மேடம், சிப்பி பற்றி கடைசியாக ஒரே ஒரு...

இல்லை.