படைப்பாற்றல் எங்கிருந்து வந்தது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில்தான் மனிதனின் கற்பனை திடீரென விழித்துக்கொண்டது என்று எப்போதோ படித்தேன். இன்றும் அப்படித்தான் கருதுகிறார்களா?

பதில்: இல்லை. ஐரோப்பாவில்தான் முதலில் மும்முரமாகத் தேடினார்கள். அதனால் அங்கே நிறையக் கிடைத்தது. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் உள்ள ஒரு குகை ஓவியத்துக்கு 51,200 ஆண்டுகள் என்று 2024இல் கணித்தார்கள். அதற்கும் வெகு காலம் முன்னே போகிறது தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகை. 2008இல் அங்கே இரண்டு அபலோன் சிப்பி ஓடுகள் கிடைத்தன. வயது ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகள். உட்புறத்தில் சிவப்புச் சாந்து அப்படியே ஒட்டியிருந்தது. காவிக்கல்லை உரசிப் பொடியாக்கி, எலும்பைச் சூடாக்கி நொறுக்கி, கரியையும் ஒரு நீர்மத்தையும் சேர்த்துக் குழைத்திருக்கிறார்கள். உரசிய கற்களும் பக்கத்திலேயே கிடந்தன. எதை எதோடு சேர்க்க வேண்டும் என்ற செய்முறை ஒருவர் மனத்தில் முன்கூட்டியே இருந்திருக்கிறது. ஓவியத்தைவிட இந்தச் செய்முறைதான் என்னைச் சிலிர்க்க வைக்கிறது.

கேள்வி: ஆதிமனிதர்கள் கல்லில் செதுக்கிய கைக்கோடரியைப் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக ஏறக்குறைய ஒரே வடிவில் செய்தார்களாமே. அவர்களுக்குக் கற்பனையே கிடையாதா?

பதில்: உண்டு. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011இல் அறிவித்தார்கள். கரடுமுரடான குவார்ட்சைட் கல்லுக்குள் இருபுறமும் ஒத்த வடிவத்தைக் கண்டுகொள்ளாமல் அதைச் செதுக்க முடியாது. ஓர் அடி தவறினால் கல் வீணாகிவிடும். கற்றதைக் காப்பாற்றினார்கள், அதன்மேல் புதிதாகச் சேர்ப்பதுதான் மிக மெதுவாக நடந்தது. அதே அத்திரம்பாக்கத்தில் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் வேறு நுட்பம் தெரிகிறது: மூலக்கல்லை முதலில் பக்குவப்படுத்திக்கொண்டு, வேண்டிய வடிவிலேயே செதிலைப் பெயர்த்தெடுக்கிறார்கள்.

கேள்வி: படைப்பாற்றல் வலது மூளையின் வேலைதானே?

பதில்: அல்ல. மனம் அலையும்போது இயங்கும் வலையமைப்பும், கவனத்தைக் கட்டுப்படுத்தும் வலையமைப்பும் கைகோத்து வேலை செய்கின்றன. இரண்டுமே மூளையின் இரு பக்கமும் பரவியவை.

கேள்வி: ஆறு வயது மகள் எந்தப் படத்தையும் பார்த்து அப்படியே வரைகிறாள். சொந்தக் கற்பனை மழுங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டாம் அம்மா. விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் என்ற ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பரிசு வைத்த பெட்டியைத் திறந்து காட்டினார்கள். நடுவே தேவையில்லாத சில தட்டல்களையும் சேர்த்தார்கள். பெட்டி கண்ணாடிபோல் உள்ளே தெரியும்படி இருந்தபோது, சிம்பன்சிகள் வீண் தட்டல்களை விட்டுவிட்டு நேரே பரிசை எடுத்தன. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளோ அந்தத் தட்டல்களையும் சேர்த்தே செய்தார்கள். சிம்பன்சிதான் கெட்டிக்காரன் என்று தோன்றும். ஆனால் ஏன் என்று புரிவதற்கு முன்பே ஒரு செய்முறையை முழுதாக வாங்கிக்கொள்ள முடிவதால்தான் எலும்பைச் சுட்டு நொறுக்கும் வித்தை ஒரு தலைமுறையோடு அழியாமல் அடுத்ததற்குப் போகிறது. அப்படி வந்து சேர்வதால்தான் மாற்றிப் பார்க்க ஒருவருக்குக் கையில் ஏதாவது இருக்கிறது. மகள் பார்த்து வரையட்டும். தாளும் நேரமும் தாராளமாகக் கொடுங்கள். யானைக்கு இறக்கை வைத்தால் மட்டும் திருத்தாதீர்கள்.