பாலில் தண்ணீர், மிளகில் ஈரம்: கலவைக் கணக்குக் கேள்விகள்

களியக்காவிளைப் பக்கம் டியூஷன் எடுக்கிறவனிடம் வரும் கலவைக் கணக்கில் பாதி ரப்பர் பால், மீதி பசும்பால். இந்த முறை தங்கமும் மிளகும் சேர்ந்துகொண்டன.

சார், நாங்கள் அருமனை. ஒரு தோட்டத்து ரப்பர் பால் 10 கிலோ, டிஆர்சி (பாலில் உள்ள காய்ந்த ரப்பரின் அளவு) 36 சதவீதம். மழைக்கு மறுநாள் வெட்டிய இன்னொரு தோட்டத்துப் பால் 40 கிலோ, 31 சதவீதம். சேர்த்தால் 33.5 தானே? கடைக்காரர் 32 என்கிறார். ரப்பர் ஷீட் அடிக்க எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்?

கடைக்காரர் ஏமாற்றவில்லை. இரண்டு சதவீதத்தையும் கூட்டிப் பாதியாக்குவது, இரண்டு பாலும் ஒரே எடை என்றால்தான் செல்லும். உங்களிடம் மழைப்பால் நான்கு மடங்கு. அது விகிதத்தைத் தன் பக்கம் இழுத்துவிடும்.

பாலை மறந்துவிடுங்கள், அதற்குள் இருக்கும் காய்ந்த ரப்பரை மட்டும் எண்ணுங்கள். பத்துக் கிலோவில் 3.6, நாற்பதில் 12.4, ஆக 16 கிலோ. மொத்தம் 50 கிலோவில் 16 என்றால் 32 சதவீதம்.

அடுத்தது தண்ணீர். ஷீட்டுக்கு வழக்கமாக 12.5 சதவீதத்துக்கு இறக்குவார்கள். தண்ணீர் x கிலோ என்றால், எவ்வளவு ஊற்றினாலும் ரப்பர் அதே 16 கிலோதான்:

16 = 0.125 × (50 + x)

50 + x = 128. தண்ணீர் 78 கிலோ, அதாவது ஏறக்குறைய 78 லிட்டர். பிள்ளைகள் சறுக்குவது அந்த அடைப்புக்குறியில்தான்: (50 + x) எழுத வேண்டிய இடத்தில் வெறும் x எழுதி, 128 லிட்டர் தண்ணீர் என்று விடை கொண்டுவருவார்கள். அதை ஊற்றினால் பால் 9 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். சரிபார்க்க, பாலை உறைய வைக்கும் தட்டான டிஷ்ஷை எண்ணினால் போதும். டிஷ்ஷுக்கு 4 லிட்டர் ஊற்றினால் 32 டிஷ், அரைக் கிலோ வீதம் 32 ஷீட், மொத்தம் 16 கிலோ.

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து எழுதுகிறேன். 3.5 சதவீதக் கொழுப்புள்ள பசும்பாலையும் 6 சதவீத எருமைப்பாலையும் கலந்து 4.5 ஆக்க, மகளுக்குக் குறுக்கே கழிக்கச் சொல்லித் தந்தார்கள். ஏன் குறுக்கே?

நல்ல கேள்வி அம்மா. சொல்லித் தருகிற பலருக்கே இதற்குப் பதில் தெரியாது. 4.5 என்பது ஆவின் பச்சை பாக்கெட்டின் கொழுப்பு அளவு. அதோடு ஒப்பிட்டால் பசும்பாலுக்கு 1 குறைகிறது, எருமைப்பாலுக்கு 1.5 மிஞ்சுகிறது. மிஞ்சுவதும் குறைவதும் நேராக வேண்டும். 3 லிட்டர் பசும்பாலின் குறை 3. 2 லிட்டர் எருமைப்பாலின் மிச்சமும் 3. ஆகவே 3க்கு 2. எருமைக்கு வந்த 1.5 பசுவின் பங்காக மாறுவதைத்தான் 'குறுக்கே' என்கிறார்கள். சூத்திரம் மறந்தாலும் பரவாயில்லை: 4.5 எந்தப் பாலுக்கு நெருக்கமோ, அந்தப் பால்தான் அதிகம் வேண்டும்.

40 லிட்டர் கேனில் 4 லிட்டர் பால் எடுத்துவிட்டு அதே அளவு தண்ணீர். இப்படி மூன்று முறை. மிச்சப் பால் 28 லிட்டர்தானே?

மூன்று முறையும் சுத்தப் பாலையே எடுத்திருந்தால் 28. இரண்டாம் முறை மொள்ளும் 4 லிட்டரில் ஏற்கெனவே ஊற்றிய தண்ணீரும் வருகிறதே! ஒவ்வொரு முறையும் இருக்கிற பாலில் பத்தில் ஒன்று போகிறது: 40, 36, 32.4, 29.16. விடை 29.16 லிட்டர். (ஓணத்துக்குக் கேரள எல்லையில் மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டில் பாலைச் சோதிப்பவர்களிடம் இந்தக் கணக்கைச் செய்து காட்ட வேண்டாம்.)

18 கிராம் 22 காரட் நகையை 18 காரட் ஆக்க எவ்வளவு செம்பு?

4 கிராம். 22 காரட் என்றால் 24 பங்கில் 22 தங்கம், ஆக சுத்தத் தங்கம் 16.5 கிராம்; 18 காரட்டுக்கு அது முக்கால் பங்காக இருக்க மொத்தம் 22 கிராம் வேண்டும். 'பத்தரை மாற்று' என்கிறோமே, அந்த மாற்றும் செறிவுதான்.

20 சதவீதமும் 30 சதவீதமும் கலந்து 35 வர வேண்டும் என்ற கணக்கில் எனக்கு மைனஸ் வருகிறது.

வரத்தான் வேண்டும் தம்பி. கலவை இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கும். கேள்வித்தாள் தப்பு.

குமுளியில் 30 கிலோ பச்சை மிளகு காயப்போட்டோம். ஈரம் 70 சதவீதத்திலிருந்து 10 ஆனது. 60 சதவீதம் குறைந்தால் 12 கிலோ இருக்க வேண்டும். தராசில் 10தான் நிற்கிறது. களத்தில் ஒரு ஆள்தான் இருந்தார்.

அவரை விட்டுவிடுங்கள். அந்த 70, முப்பது கிலோவில் எழுபது; இந்த 10, காய்ந்த பிறகு உள்ள எடையில் பத்து. அடிப்படையே வேறு, கழிக்கக் கூடாது. மாறாதது ஈரமில்லாத பகுதி: 30இல் 9 கிலோ. காய்ந்தபின் அதுவே 90 சதவீதம் என்றால் மொத்தம் 10 கிலோ. எங்கள் ஊரில் நல்லமிளகு காயப்போடுகிறவர்கள் மூன்றுக்கு ஒன்று என்று வாய்க்கணக்காகவே சொல்லிவிடுவார்கள். கூலியைப் பிடித்து வைத்திருந்தால் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.