பதில்: ஹாம்பர்க்கில் இரண்டு வார வேலை, ஊர் சுற்ற நேரம் கிடைக்குமா?

ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்குக்கு ஜூனில் போகிறீர்கள், பகலில் கிளையண்ட் அலுவலகம், கூடவே சென்னை டீம் கால், ஞாயிறு மட்டும்தான் விடுமுறை என்கிறீர்கள். தாராளமாகச் சுற்றலாம்.

கோடையில் ஹாம்பர்க் நம்மைவிட 3½ மணி நேரம் பின்னால். சென்னையில் மாலை 6 மணி என்றால் அங்கே மதியம் 2.30. டீம் கால் எல்லாவற்றையும் ஹாம்பர்க் நேரப்படி காலையிலேயே வைத்துவிடுங்கள். மாலை 5 மணிக்கு வெளியே வந்தால் இருட்ட இரவு 10 ஆகும்.

படகுக்குத் தனிக் காசு வேண்டாம். லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத்துறையில் 62ஆம் எண் ஃபெரி ஏறினால், எல்பே ஆற்றின் அக்கரையில் உள்ள ஃபின்கன்வெர்டர் வரை ஏறக்குறைய அரை மணி. ரயில், பஸ்ஸுக்கு வாங்கிய நாள் டிக்கெட்டே செல்லும். பக்கத்திலேயே கூவிக் கூப்பிடும் சுற்றுலாப் படகுகளில் அது செல்லாது, பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வெயில் அடிக்கும் வார இறுதியில் கூட்டம் நெரியும், வார நாள் மாலையில் போங்கள். ஜூன் என்றாலும் மேல்தளத்தில் காற்று குளிரும், ஜாக்கெட் அவசியம்.

திரும்பி வந்து லாண்டுங்ஸ்ப்ரூக்கனில் இறங்கியதும், ஆற்றுக்கு அடியில் போகும், 1911இல் திறந்த பழைய எல்பே சுரங்கம்: 24 மீட்டர் ஆழம், 426 மீட்டர் நீளம், நடந்து போக இலவசம். நகரம் முழுதாகத் தெரிவது அக்கரையில் நின்றால்தான்.

யூ3 மெட்ரோ ரயிலில் ராட்ஹவுஸ் (நகர மன்றம்) நிலையத்திலிருந்து லாண்டுங்ஸ்ப்ரூக்கனுக்கு வரும்போது இடப்பக்கம் உட்காருங்கள். துறைமுகக் காட்சி டிக்கெட் விலையிலேயே அடக்கம்!

ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், மளிகையைச் சனியன்றே வாங்குங்கள். மீன் சந்தை மட்டும் காலை 5 முதல் 9.30 வரை. முதல் ஞாயிறே போய்விடுங்கள், உடம்பு இன்னும் இந்திய நேரத்தில் இருக்கும், அலாரமே தேவைப்படாது.