'பன்னி' என்று கூப்பிட்டால் கோபப்படாதீர்கள்

கேள்வி: கணவரின் மாற்றலால் மதுரையிலிருந்து மைசூருக்கு வந்து 4 மாதம் ஆகிறது. ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தினமும் 20 கன்னடச் சொற்களை மனப்பாடம் செய்கிறேன். மறுநாளே மறந்துபோகிறது. 46 வயதில் புது மொழி ஏறாதோ?
- மைசூரு வாசகி

பதில்: வயதை விடுங்கள். 20 சொற்களை உருப்போட்டால் யாருக்குத்தான் மறக்காது? அதற்குப் பதில், ஒரு சொல்லைப் பிடித்து 'இது ஏன் இப்படி இருக்கிறது?' என்று குடைந்து பாருங்கள்.

பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று 'பன்னி, பன்னி' என்று அழைத்திருப்பாரே, திக்கென்றதா? அது 'வாருங்கள்'தான். தமிழில் 'வ'வில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில், 'பஸ்' என்னும்போது வருகிற 'ப'வுக்கு மாறிவிடும். வா என்பது பா. வெள்ளி, பெள்ளி. வேர், பேரு. சரி, அப்படியானால் நிஜப் பன்றி? அது 'ஹந்தி'. ஏனென்றால் நம் 'ப' அங்கே 'ஹ' ஆகிவிட்டது. பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, பத்து ஹத்து, புலி ஹுலி. பழைய கன்னடத்தில் இவையெல்லாம் 'ப'வாகவே இருந்தன. அந்தப் பழைய மொழிக்கு இன்றைய பெயரே 'ஹளெகன்னட'. பழைய, ஹளெ. பார்த்தீர்களா, 'ழ'வும் 'ள' ஆகியிருக்கிறது! ஏழு ஏளு, மழை மளெ, புழு ஹுளு.

இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் பாதிச் சொற்களை நீங்களே ஊகிக்கலாம். தப்பாகவும் ஊகிப்பீர்கள், பரவாயில்லை. வடமொழிச் சொற்களிடம் இந்த வித்தை பலிக்காது; புஸ்தக புஸ்தகவாகவே இருக்கும். 'மாடு' என்றால் அங்கே 'செய்'. நம் மாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இப்படி ஏமாந்த சொல் சீக்கிரம் மறக்காது என்பது என் அனுபவம்.

இன்னொன்று, கன்னட எழுத்தையும் படித்துவிடுங்கள். தமிழில் குறித்துக்கொண்டால் வாருங்களின் 'ப'வும் புஸ்தகத்தின் 'ப'வும் ஒன்றாகத் தெரியும். கடைப் பலகைகளே போதும், தனிப் பாடம் வேண்டாம். சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவிடமே கேளுங்கள். 'ஊட்ட ஆய்த்தா?' என்று ஆரம்பியுங்கள். 'சாப்பாடு ஆயிற்றா?'தான், ஊட்டுவதும் ஆயிற்றும் உங்களுக்குத் தெரியாததா?

அப்புறம், கடையில் பால் கேட்கும்போது 'ஹாலு'வை 'ஹாளு' என்று சொல்லிவிடாதீர்கள். அது எந்தத் தமிழ்ச் சொல் என்று நீங்களே கண்டுபிடித்து எழுதுங்கள்.