விறைப்புக் குறைபாட்டு மாத்திரையும் அலமாரியில் இருக்கும் மற்ற மாத்திரைகளும்

கேள்வி: எனக்கு வயது 58. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், ஐந்து ஆண்டுகளாக ரத்த அழுத்தம். மெட்ஃபார்மின், டெல்மிசார்ட்டன், ஆம்லோடிபின், அடோர்வாஸ்டாடின் சாப்பிடுகிறேன். ஓராண்டாக விறைப்பு சரியாக இல்லை என்று சொன்னதும் சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவர் சில்டெனாஃபில் 50 மி.கி. எழுதிக் கொடுத்தார். மூன்று முறை போட்டிருக்கிறேன். பலன் இருக்கிறது. ஆனால் தலைவலி, மூக்கடைப்பு, முகம் சூடாவது எல்லாம் வருகிறது. ஒருமுறை விளக்கு வெளிச்சம் லேசான நீலமாகத் தெரிந்தது. கடைசி முறை இரவில் எழுந்து நின்றபோது கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டேன். சிறுநீர்த் தொந்தரவுக்காக வேறொரு மருத்துவர் கொடுத்த டாம்சுலோசினும் சாப்பிடுகிறேன். அதை இவரிடம் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் நெஞ்சு வலி வந்தபோது நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இப்போதும் மாடி ஏறும்போது எப்போதாவது நெஞ்சை அடைத்தால் ஒன்று வைத்துக்கொள்வேன். நண்பர் ஒருவர், டடாலஃபில்லுக்கு மாறு, அதில் பக்க விளைவே இல்லை என்கிறார். மாறலாமா? இதெல்லாம் வீட்டில் யாருக்கும் தெரியாது.

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவரைப் பார்க்கும்வரை அடுத்த சில்டெனாஃபில் மாத்திரையைப் போடாதீர்கள். டடாலஃபில்லும் வேண்டாம். நீங்கள் கேட்ட தலைவலியோ நீல வெளிச்சமோ இதற்குக் காரணமில்லை. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, அதுதான் காரணம்.

நெஞ்சு வலிக்கு அப்படி வைக்கும் மாத்திரை பெரும்பாலும் நைட்ரோகிளிசரின் அல்லது ஐசோசார்பைடு டைநைட்ரேட்டாக இருக்கும். இரண்டும் நைட்ரேட் வகை. அவை உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாக மாறி, ரத்தக் குழாய்ச் சுவரில் சிஜிஎம்பி என்ற பொருளை அதிகமாகச் சுரக்க வைக்கும். சிஜிஎம்பி கூடினால் குழாயின் தசை தளரும், குழாய் விரியும், இதயத்தின் சுமை குறையும். விறைப்பு உண்டாவதும் இதே வழியில்தான். ஆசை எழும்போது நரம்புகள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன, சிஜிஎம்பி கூடுகிறது, ஆண்குறிக்குள் ரத்தம் நிறைகிறது. பிறகு பிடிஇ5 என்ற நொதி அந்த சிஜிஎம்பியைச் சிதைத்துவிடும். சில்டெனாஃபில்லும் அதன் உறவினர்களான டடாலஃபில், வர்டெனாஃபில், அவனாஃபில் ஆகியவையும் அந்த நொதியைத் தடுக்கின்றன. அதனால்தான் ஆசை இல்லாமல் மாத்திரை மட்டும் வேலை செய்வதில்லை.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு மருந்து சிஜிஎம்பியைக் குவிக்கிறது. இன்னொன்று அதைக் கரைய விடாமல் தடுக்கிறது. உடம்பெங்கும் குழாய்கள் ஒரே நேரத்தில் விரிந்து, ரத்த அழுத்தம் சட்டென்று அடிமட்டத்துக்குப் போய்விடும். ஏற்கெனவே அடைப்புள்ள இதயத்துக்கு அந்த நேரத்தில் ரத்தமே போதாது. மயக்கம், மாரடைப்பு, மரணம் வரை போகலாம். சில்டெனாஃபில் முதலில் நெஞ்சு வலிக்கான மருந்தாகத்தான் ஆராயப்பட்டது; சோதனையில் தெரிந்த இன்னொரு விளைவுதான் 1998இல் வயாகராவாக வந்தது. நெஞ்சு வலி மாத்திரையும் இதுவும் உடம்பில் ஒரே பாதையில் நடப்பவை என்பதற்கு அந்தப் பிறப்பே சாட்சி.

எத்தனை மணி நேரம் இடைவெளி விட்டால் போதும் என்று அடுத்து கேட்பீர்கள். சில்டெனாஃபில் அல்லது வர்டெனாஃபில் போட்டபின் குறைந்தது 24 மணி நேரத்துக்கும், டடாலஃபில் போட்டபின் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கூடாது. ஆனால் இந்தக் கணக்கு, அவசரத்தில் ஒருவரைக் காப்பாற்ற வேண்டிய மருத்துவர்களுக்கானது. நெஞ்சு வலி நேரம் பார்த்து வருவதில்லை என்பதால், நைட்ரேட்டைக் கையில் வைத்திருக்கிறவர் இந்த மணிக்கணக்கை நம்பித் திட்டம் போட முடியாது. தினமும் ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் சாப்பிடுகிறவர்களுக்கு இடைவெளி என்ற பேச்சே கிடையாது. நிகோராண்டில் என்ற இதய மாத்திரையின் பெயரில் நைட்ரேட் என்ற சொல் இல்லை, ஆனால் அதுவும் இதே குணம் கொண்டது. நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கான ரியோசிகுவாட்டும் சேரக் கூடாது. கிளர்ச்சிக்காகச் சிலர் முகரும் ‘பாப்பர்ஸ்’ அமைல் நைட்ரைட் போன்ற பொருள்தான். அதுவும் இந்தப் பட்டியலில் வரும்.

நீங்கள் அந்த மூன்று நாட்களில் ஒன்றில் நெஞ்சை அடைத்து, பழக்கத்தில் ஒரு மாத்திரையை நாக்கடியில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால் இதை நன்றாக நினைவில் வையுங்கள். பின்னாளில் இந்த வகை மாத்திரை போட்டபின் எப்போதாவது நெஞ்சு வலித்தால், செய்துகொண்டிருப்பதை நிறுத்தி உட்காருங்கள், நைட்ரேட்டைத் தொடாதீர்கள், உடனே ஆம்புலன்சை அழையுங்கள். வந்தவரிடம் முதல் வாக்கியமாக, என்ன மாத்திரை, எத்தனை மி.கி., எத்தனை மணிக்குப் போட்டது என்று சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். அவசரப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது ஒரு மருந்துத் தகவல், அவ்வளவுதான். நெஞ்சு வலியோடு வருகிறவருக்கு அவர்கள் வழக்கமாக எடுக்கும் மருந்துகளில் நைட்ரேட்டும் ஒன்று. நீங்கள் சொன்னால் வேறு மருந்துக்குப் போவார்கள்.

நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தால்? ‘வீட்டில் யாருக்கும் தெரியாது’ என்ற உங்கள் வரி என்னை அதனால்தான் உறுத்துகிறது. மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது உறவுக்கான அறிவுரை இல்லை (அதற்கும் நல்லதுதான்). அந்த ஐந்து நிமிடத்தில் மருத்துவரிடம் சரியான பதில் சொல்ல ஒருவர் வேண்டும்.

அப்புறம் அந்த மயக்கம். எழுந்து நின்றதும் கண் இருட்டியதற்கு டாம்சுலோசினும் சில்டெனாஃபில்லும் சேர்ந்ததுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். டாம்சுலோசின் புராஸ்டேட்டையும் சிறுநீர்ப்பையின் வாயையும் தளர்த்த வந்த ஆல்ஃபா தடுப்பான். இந்த வகையில் இது கொஞ்சம் சாது. டாக்ஸசோசின், டெராசோசின், பிரசோசின் இன்னும் அதிகமாக அழுத்தத்தை இறக்கும். ஆனாலும் ரத்தக் குழாயை இதுவும் சற்றுத் தளர்த்தும். அதன்மேல் சில்டெனாஃபில், அதன்மேல் ரத்த அழுத்தத்துக்கான ஆம்லோடிபின், டெல்மிசார்ட்டன். நான்கும் ஒரே பக்கம் இழுத்தால் நின்றதும் தலை சுற்றத்தானே செய்யும்? இந்தச் சேர்க்கை நைட்ரேட்டைப்போல முற்றிலும் தடை செய்யப்பட்டதல்ல. ஆல்ஃபா தடுப்பான் உடம்புக்குப் பழகி நிலையானபின், சில்டெனாஃபில்லை 25 மி.கி.யில் தொடங்கி, இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் விட்டுப் போடுவது வழக்கம். உங்கள் மருத்துவர் 50 எழுதியது அவர் தவறில்லை. டாம்சுலோசின் பற்றி அவருக்குத் தெரியாது. கிறுகிறுப்பு வந்தால் உடனே படுத்துக் காலை உயர்த்தி வையுங்கள். எழும்போது முதலில் கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள்.

சரி, நீங்கள் கேட்ட தொந்தரவுகளுக்கு வருகிறேன். தலைவலி, முகம் சிவந்து சூடாவது, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் எல்லாம் இந்த மருந்தின் வேலையிலிருந்தே வருபவை. மற்ற இடத்துக் குழாய்களும் கொஞ்சம் விரிகின்றன, இரைப்பையின் வாயில் உள்ள தசையும் தளர்கிறது. மருந்து உடம்பை விட்டுப் போகப் போக இவையும் போய்விடும். சில்டெனாஃபில்லில் பாதி சுமார் நான்கு மணி நேரத்தில் கழிந்துவிடும். அளவு குறைந்தால் இவையும் குறையும். தலைவலிக்குப் பாரசிட்டமால் போடலாம். நீல வெளிச்சத்துக்கும் காரணம் உண்டு. விழித்திரையில் பிடிஇ6 என்ற நொதி இருக்கிறது, பிடிஇ5க்கு நெருங்கிய சொந்தம். சில்டெனாஃபில் அதையும் லேசாகத் தொட்டுவிடும். சில மணி நேரத்தில் சரியாகிவிடும், ஆனால் அதுவரை வண்டி ஓட்டாதீர்கள். குடும்பத்தில் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் யாருக்காவது இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அரிதானவை மூன்று உண்டு, மூன்றும் அவசரம். ஒரு கண்ணிலோ இரண்டிலுமோ பார்வை திடீரென்று மறைந்தால், காது திடீரென்று கேட்காமல் போனால் அல்லது இரைச்சலோடு மந்தமானால், விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் தணியாமல் இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். விறைப்பு தணியாவிட்டால் உள்ளே தேங்கிய ரத்தத்தில் பிராணவாயு தீர்ந்து திசு கெட ஆரம்பிக்கும். வெட்கப்பட்டு இரவைக் கடத்துகிறவர்களுக்குத்தான் நிரந்தரச் சேதம் வருகிறது.

டடாலஃபில்லில் பக்க விளைவே இல்லை என்று நண்பர் சொன்னது சரியல்ல. நிறம் மாறித் தெரிவது அதில் மிகவும் குறைவு, கொழுப்பான சாப்பாட்டுக்குப் பின் போட்டாலும் வேகம் குறைவதில்லை (சில்டெனாஃபில் அப்படிப் போட்டால் தாமதமாகத்தான் ஏறும்). ஆனால் அதற்கே உரிய முதுகு வலியும் தசை வலியும் உண்டு. பெரும்பாலும் போட்ட 12 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்து இரண்டு நாளில் போகும். அது உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 17 மணி நேரம் ஆகும்; பலன் 36 மணி நேரம் வரை நீடிக்கும். நீண்ட பலன் என்றால் நீண்ட ஆபத்துக் காலமும்தான். உங்களைப்போல நெஞ்சு அடைப்பு உள்ளவருக்கு அது சாதகமே இல்லை. நைட்ரேட் தேவையில்லை என்று இதய மருத்துவர் சொல்லிவிட்டால் அப்போது கதை வேறு. தினமும் 5 மி.கி. டடாலஃபில் விறைப்புக்கும் புராஸ்டேட் தொந்தரவுக்கும் சேர்த்தே கொடுப்பதுண்டு. அதைக் கேட்டுப் பார்க்கலாம். இரண்டு மாத்திரைகளையும் ஒரே நாளில் கலந்து போடுவது மட்டும் எப்போதும் கூடாது.

மருந்துகள் மோதிக்கொள்ள இன்னொரு வழியும் இருக்கிறது. இந்த மாத்திரைகளைக் கல்லீரலில் உள்ள சிஒய்பி3ஏ4 என்ற நொதி உடைக்கிறது. அதை வேறு மருந்து முடக்கிவிட்டால் நீங்கள் போட்ட 50 மி.கி. உடம்புக்குள் 100, 200 போட்டதுபோல் நடந்துகொள்ளும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகள், பூஞ்சைக்கான கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், எச்ஐவி சிகிச்சையில் வரும் ரிட்டோனாவிர் இவற்றில் முக்கியமானவை. ரிட்டோனாவிர் சில்டெனாஃபில்லின் அளவைப் பத்து மடங்குக்கு மேல் ஏற்றிவிடும். அதைச் சாப்பிடுகிறவருக்கு 48 மணி நேரத்தில் 25 மி.கி.தான் உச்ச வரம்பு. கோவிட் சிகிச்சை மாத்திரை ஒன்றிலும் ரிட்டோனாவிர் கலந்திருக்கிறது. ஐந்து நாள் மருந்துதானே என்று யாரும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. கிரேப்ஃப்ரூட் பழச்சாறும் கொஞ்சம் இதே வேலையைச் செய்யும். மாறாக, காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிட்டோயின் ஆகியவை அந்த நொதியைத் தூண்டி மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும்.

மெட்ஃபார்மினோடும் அடோர்வாஸ்டாடினோடும் உங்களுக்குச் சிக்கல் இல்லை. மது ஒரு கோப்பைக்கு மேல் போனால் அழுத்தமும் இறங்கும், விறைப்பும் கெடும். மாத்திரை பிடிக்கவில்லை என்பதற்காக ‘மூலிகை’, ‘இயற்கை’ என்ற பெயரில் வரும் வீரிய மாத்திரைகளுக்குப் போய்விடாதீர்கள். அப்படிப்பட்ட பலவற்றில் சில்டெனாஃபில்லும் டடாலஃபில்லும் அளவு சொல்லாமல் கலந்திருப்பது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. நைட்ரேட் வைத்திருப்பவருக்கு இதைவிட மோசமான பொறி கிடையாது, ஏனென்றால் தான் என்ன சாப்பிட்டோம் என்பதே அவருக்குத் தெரியாது.

ரத்த அழுத்த மாத்திரையால்தான் விறைப்பு போனது என்று நினைத்து அதை நிறுத்துகிறவர்களும் உண்டு. அப்படி ஏதும் செய்யாதீர்கள். சில மருந்துகளால் அப்படி ஆகும்தான், ஆனால் நீங்கள் எழுதிய இரண்டும் அதில் பெரிதாகப் பேர் வாங்கியவை அல்ல. எனக்கு வேறொரு காரணம்தான் கண்ணில் படுகிறது. ஆண்குறியின் ரத்தக் குழாய் இதயக் குழாயைவிடக் குறுகலானது. கொழுப்பு படியத் தொடங்கினால் குறுகிய குழாயில்தான் குறை முதலில் தெரியும். பலருக்கு விறைப்பு குறைந்து சில ஆண்டுகளில் இதயநோய் வெளிப்படுகிறது. உங்களுக்கோ சர்க்கரை, ரத்த அழுத்தம், விறைப்புக் குறைவு, மாடி ஏறினால் நெஞ்சு அடைப்பு நான்கும் இருக்கின்றன. இந்த அடைப்புக்கு மாத்திரை வைத்துச் சமாளிப்பது போதாது, இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். ஓய்வாக இருக்கும்போதே அடைத்தாலோ, முன்பைவிட அடிக்கடி வந்தாலோ, வாரம் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். மூச்சு வாங்காமல், நெஞ்சு அடைக்காமல் இரண்டு மாடி ஏற முடிகிற இதயம் பொதுவாக உடலுறவின் உழைப்பைத் தாங்கும். அந்த அளவு இப்போது உங்களிடம் இல்லை.

போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். டாம்சுலோசின், நாக்கடி மாத்திரை, மிச்சமிருக்கும் சில்டெனாஃபில், எப்போதாவது போடும் வலி மாத்திரை எல்லாம். சில்டெனாஃபில்லை எந்தெந்தத் தேதியில் போட்டீர்கள், நெஞ்சு கடைசியாக எப்போது அடைத்தது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவரிடம் இரண்டு கேள்விகளை நேராகக் கேளுங்கள்: எனக்கு நைட்ரேட் இனி தேவையா? தேவையென்றால் விறைப்புக்கு வேறு என்ன வழி? ஏனென்றால் வழிகள் இருக்கின்றன. வெற்றிடக் குழாய்க் கருவியும், ஆண்குறியில் போடும் ஆல்ப்ரோஸ்டாடில் ஊசியும் நைட்ரேட்டோடு இப்படி மோதுவதில்லை. இதயத்தைச் சரிசெய்தபின் நைட்ரேட்டே தேவையில்லாமல் போய், குறைந்த அளவு சில்டெனாஃபில்லுக்குத் திரும்பியவர்களும் இருக்கிறார்கள்.