கொத்து எங்கே விழுகிறது? இளங்கோழிச் சண்டை பற்றிச் சில கேள்விகள்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவில் இருபது வருடமாக ஊர்க்கோழியும் முட்டைக்கோழியும் வளர்க்கிறேன். மிருக வைத்தியம் படித்தவனில்லை, கையில் கொத்து வாங்கிப் படித்தவன். வெக்கையான கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் கோழிக்காரரின் முறைப்பாடும் கூடிவிடும். குஞ்சு சண்டை பிடிக்கிறது, சேவல் பாய்கிறது, வாலில் இரத்தம். இந்த முறை கேட்டவர்கள் (பெயருக்குப் பதில் ஊரைப் போட்டிருக்கிறேன்) எல்லோரிடமும் நான் முதலில் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: கொத்து எங்கே விழுகிறது, தலையிலா வாலிலா?

நிலாவெளி: அண்ணா, தாயோடு திரியும் பதினொரு குஞ்சுகள், மூன்று கிழமை ஆகிறது. இரண்டு இரண்டாக எதிரெதிரே நின்று கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பாய்கின்றன. பிரித்து வைக்கட்டா?

வேண்டாம் தங்கச்சி. இந்த வயதில் இது பாதி விளையாட்டு, பாதி பயிற்சி. நெஞ்சோடு நெஞ்சு முட்டும், ஒன்று தலையைக் குனிந்து விலகும், அடுத்த நிமிடம் இரண்டும் ஒரே புழுவுக்கு ஓடும். யார் பெரியவர் என்ற வரிசை ஏறக்குறைய ஆறு முதல் பத்துக் கிழமைக்குள் முடிவாகிவிடும். நோர்வேக்காரரான ஷெல்டெரப்-எப்பே சிறுவயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துப் பார்த்து, இந்தக் கொத்து வரிசையைப் பற்றி 1921இல் ஆய்வாக எழுதினார். மேலே இருப்பது கீழே இருப்பதன் தலையில் கொத்தும், கீழே இருப்பது திருப்பிக் கொத்தாது. அவ்வளவுதான் சட்டம். நீங்கள் பிரித்துவிட்டுத் திரும்பச் சேர்த்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். இரத்தம் வராதவரை கதிரையைப் போட்டு இருந்து பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு.

சீனக்குடா: முட்டைக்கோழிக் குஞ்சு நாற்பது வாங்கினேன். மூன்றுக்கு நான்கு அடிப் பெட்டி, 100 வாட்ஸ் பல்ப். நாலாவது கிழமை வாலடியில் கொத்தத் தொடங்கி ஒன்று செத்துவிட்டது. தீன் விலை கூடிவிட்டதால் பாதிக்குப் பாதி அரிசிக் குறுணல் கலக்கிறேன். இந்தச் சாதியே மூர்க்கமோ?

சாதி மீது பழி போடாதீர்கள் தம்பி. தலையில் விழுந்தால் அது அதிகாரக் கொத்து. வாலடியிலும் முதுகிலும் விழுந்தால் அது கோபமே இல்லை, எதுவோ போதாமல் இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் பெட்டியில் மூன்று விஷயம் போதாது.

முதலாவது இடம். நாலு கிழமை வரை ஒரு குஞ்சுக்கு அரைச் சதுர அடி, அதற்குப் பிறகு ஒரு சதுர அடியாவது வேண்டும். உங்களிடம் இருப்பது பன்னிரண்டு சதுர அடி, குஞ்சு நாற்பது. கொத்து வாங்கியது ஓடி ஒளிக்க இடமில்லை.

இரண்டாவது சூடு. முதல் கிழமைக் குஞ்சுக்குத்தான் 35 பாகை வேண்டும், பிறகு கிழமைக்கு மூன்று பாகையளவில் குறைக்க வேண்டும். திருகோணமலையில் ஜூன், ஜூலைப் பகலில் வெளியிலேயே 35 பாகை வந்துவிடுகிறது, அதற்குள் நாலு கிழமைக் குஞ்சுக்கு மேலே பல்ப் வேறு! பெட்டிக்குள் குனிந்து பாருங்கள். குஞ்சுகள் பல்ப்புக்கு நேர்கீழே கூட்டமாக ஒட்டி நின்றால் குளிர். மூலைகளுக்கு ஒதுங்கி, வாயைத் திறந்து, செட்டையை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருந்தால் வெக்கை. உங்களுடையவை கட்டாயம் மூலையில்தான் நிற்கும். பகலில் பல்ப்பை நிறுத்துங்கள். இரவில் தேவையென்றால் மங்கலான சிவப்பு பல்ப் போதும். பளிச்சென்ற வெள்ளை வெளிச்சத்தில் சின்ன இரத்தப் பொட்டும் எல்லாக் குஞ்சின் கண்ணிலும் படும்.

மூன்றாவது சாப்பாடு. குஞ்சுத் தீனில் இருபது சதவீதமளவில் புரதம் இருக்கும், குறுணலில் ஏழு எட்டுத்தான். பாதி கலந்தால் புரதம் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் பாருங்கள். இறகு முழுக்கப் புரதம், அதைத்தான் அவை பிடுங்கித் தின்கின்றன. காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் மீன் சந்தையில் சூடைத் தலையும் குடலும் வாங்கி அவித்து, முள் நீக்கிக் கொஞ்சமாகப் போடுங்கள். கருவாட்டுத் தூள் மட்டும் வேண்டாம், அந்த உப்பே குஞ்சைக் கொன்றுவிடும். எங்கள் அம்மா செய்வது வேறு. பழைய மண்பானைக்குள் காய்ந்த சாணியும் தும்பும் அடைத்து, தண்ணீர் தெளித்து, புற்றுப் பக்கத்தில் கவிழ்த்து வைப்பார். விடிய எடுத்துத் தட்டினால் கறையான் கொட்டும், குஞ்சுகள் ஒன்றையொன்று மறந்துவிடும்.

காயப்பட்டதை இன்றைக்கே பிரியுங்கள். உப்புத் தண்ணீரால் கழுவி மஞ்சள் பூசுங்கள், சிவப்பும் மறையும். இறகு முளைக்கும்வரை திரும்பச் சேர்க்காதீர்கள்.

அதே தம்பி: அலகு வெட்டினால் சரிவருமா?

நாற்பது கோழிக்கு அது தேவையே இல்லை. மேலே சொன்ன மூன்றையும் செய்துவிட்டு அப்புறம் கேளுங்கள். கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கிண்ணியா: குஞ்சாக இருக்கும்போது கூட்டத்தில் மற்றதையெல்லாம் பருந்து தூக்கி, இது மட்டும் மிஞ்சியது. என் மகன் மடியில் வைத்து வளர்த்தான். இப்போது ஆறு மாதச் சேவல், அவனைக் கண்டாலே பாய்கிறது. பிள்ளை முற்றத்துக்கு இறங்கப் பயப்படுகிறான்.

நானா, மடியில் வளர்ந்ததுதான் வில்லங்கம். தாயோடும் மற்றக் குஞ்சுகளோடும் வளரும் சேவல் மனிதனை எட்டத்திலேயே வைத்திருக்கும். தனியாகக் கையில் வளர்ந்ததற்கு அந்தப் பயம் இல்லை, உங்கள் மகனும் அதன் கணக்கில் இன்னொரு சேவல். நாலைந்து மாதத்தில் பருவம் வரும்வரை செல்லம், வந்த பிறகு போட்டி.

பாய்வதற்கு முன்னால் அது சொல்லிவிட்டுத்தான் பாயும். பக்கவாட்டாகத் திரும்பும், ஒரு செட்டையைத் தாழ்த்தித் தரையில் உரசி அரைவட்டம் போடும், சும்மா மண்ணைக் கொத்துவது போல் நடிக்கும். அந்த நேரத்தில் ஓடினால் அது வென்றுவிட்டது. உதைத்தாலோ தடியால் அடித்தாலோ சண்டைக்குச் சம்மதம் சொன்னதாக எடுத்துக்கொள்ளும், நாளைக்கு இன்னும் உரமாக வரும். பின்வாங்காமல் நின்று, மெதுவாக அதை நோக்கி இரண்டடி வையுங்கள், அது விலகும்வரை. கையில் ஒரு பெரிய சட்டி மூடி இருந்தால் பாய்ச்சல் அதில் படட்டும்.

பிறகு தினமும் பின்னேரம் நீங்கள், மகன் இல்லை, அதைத் தூக்குங்கள். செட்டை இரண்டையும் உடம்போடு அணைத்து, காலைப் பிடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் வளவைச் சுற்றி நடவுங்கள். முதலில் திமிறும், பிறகு உடம்பு தளர்ந்து கழுத்து கீழே வரும். அதற்குப் பிறகுதான் இறக்கிவிட வேண்டும். பேடுகள் முன்னால் செய்தால் இன்னும் நல்லது. கையால் தீன் ஊட்டுவதை எல்லோரும் நிறுத்துங்கள்.

காலில் உள்ள முள் இப்போது சின்ன மொட்டுப்போலத்தான் இருக்கும், வயது ஏற ஏறக் கூரேறும். பிள்ளையின் கண் உயரமும் சேவலின் பாய்ச்சல் உயரமும் ஒன்று, ஆகவே தனியே விடாதீர்கள். கீறினால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, ஏற்பு (டெட்டனஸ்) ஊசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

மூன்று கிழமையில் மாற்றமில்லை என்றால் கறிதான். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. இந்தக் குணம் ஓரளவு குஞ்சுக்கும் இறங்கும், அதனால் அடைவைக்க அந்தச் சேவல் வேண்டாம். நானும் முன்பு ஒரு சிவப்புச் சேவலை அழகுக்காக இரண்டு வருடம் சகித்தேன். தபால்காரர் எங்கள் படலையைத் திறக்காமலே கடிதத்தை எறிந்துவிட்டுப் போவார். கடைசியில் மூன்று மணித்தியாலம் அவித்தும் அது மெல்ல முடியாமல் இருந்தது.

தம்பலகாமம்: முதல் முறை அடை கிடக்கும் இளம் பேடு, கையை வைத்தால் பாம்பு மாதிரிச் சீறிக் கொத்துகிறது.

நல்ல தாய். இருபத்தொரு நாள் அப்படித்தான். முட்டை பார்க்க வேண்டுமானால் இருட்டிய பிறகு போங்கள்.

மூதூர்: வீட்டில் ஐந்து விடைக்கோழி (இளம் பேடு) இருக்கிறது. சந்தையில் ஒன்று வாங்கி விட்டேன். ஐந்தும் சேர்ந்து அதன் தலையைப் புண்ணாக்கிவிட்டன.

ஒற்றையாய் வாங்கியது பிழை அக்கா. இரண்டு மூன்றாக வந்தால் அடி பங்காகும். இப்போது அதைத் தனியாக எடுத்து மூன்று கிழமை தூரமாக வையுங்கள், சந்தைக் கோழி நோயும் கொண்டுவரலாம், புண்ணும் ஆறட்டும். பிறகு ஒரு கிழமை கம்பி வலைக்கு அந்தப் பக்கம், ஒன்றையொன்று பார்க்கும்படி. கடைசியில் இரவில் கூட்டுத் தடியில் மற்றவற்றுக்குப் பக்கத்தில் ஏற்றிவிடுங்கள். விடிந்ததும் கொஞ்சம் கொத்து விழும், ஆனால் கொலைவெறி இருக்காது. தீன் சட்டியும் தண்ணீரும் இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரு சட்டி என்றால் ஐந்தும் காவல் நிற்கும்.

திருக்கடலூர்: சண்டையில் கொண்டை, கண்ணிமை எல்லாம் புண். ஆனால் சண்டை பிடித்ததை யாரும் காணவில்லை.

காணாவிட்டால் சண்டை இல்லை. தொட்டுப் பாருங்கள். கொத்துக் காயம் கிழிந்து தட்டையாக இருக்கும். பருப்பருவாகத் தடித்து, மேலே கறுத்த பொருக்குக் கட்டியிருந்தால் அது கோழி அம்மை. நுளம்பு பரப்புவது. பொருக்கை உரிக்காதீர்கள். பிரித்து வைத்து மெதுவான சாப்பாடு கொடுங்கள், தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள், மற்றவற்றுக்கு ஊசி போட அரச மிருக வைத்தியரிடம் கேளுங்கள். வாய்க்குள்ளும் வெள்ளையாகப் படர்ந்திருந்தால் இன்றைக்கே போங்கள்.

பாலையூற்று: எட்டுக் குஞ்சில் ஒன்று சின்னது. எல்லாம் அதைத்தான் கொத்தும். பேத்தி அழுகிறாள், உள்ளே கொண்டுவந்து தனியாக வளர்க்கட்டா?

தனியாக வேண்டாம் அம்மா, கிண்ணியாக் கதையை மேலே வாசியுங்கள். எட்டில் சாதுவான இன்னொன்றைத் துணைக்கு எடுத்து, இரண்டையும் அதே முற்றத்தில் ஒரு பழைய கடகத்தைக் கவிழ்த்து அதற்குள் வையுங்கள். பத்து நாள் நன்றாகத் தின்னட்டும். திரும்ப விடும்போது மூலையில் ஒரு பலகையைச் சரித்து வைத்தால் ஒளிக்க இடமிருக்கும். கடகத்தின் மேல் கல் வைக்க மறக்காதீர்கள், கீரி இருக்கிறது.