ஐபோனா, அன்ட்ரொய்டா: தனியுரிமையைப் பொறுத்தவரை எதை நம்பலாம்?

கேள்வி: தரவுத் தனியுரிமையை முக்கியமாகக் கருதும் ஒருவர் ஐபோனுக்கு மாறுவதுதான் சரியா? கூகுளை விட ஆப்பிள் உண்மையிலேயே நம்பத்தகுந்ததா, அல்லது அதுவும் ஒரு வியாபார உத்தியா?

பதில்:

ஒரு நிறுவனம் நல்லதா கெட்டதா என்று ஆராய்வதை விட, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அதன் சேவை பிடிக்காவிட்டால் நம்மால் விலகிப் போக முடியுமா என்ற இரண்டையும் பார்ப்பது பயனுள்ளது என்பது என் கருத்து. ஆப்பிளின் வருமானத்தில் பெரும்பங்கு கருவிகளை விற்பதால் வருகிறது; கூகுளின் வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரத்தால் வருகிறது. ஆகவே நாம் எதைத் தேடுகிறோம், எங்கே போகிறோம் என்று அறிந்துகொள்ள வேண்டிய தேவை கூகுளுக்கே அதிகம். இந்த வேறுபாடு உண்மையானது. அதை வெறும் விளம்பர வாசகம் என்று தள்ளிவிட முடியாது.

2021 ஏப்ரலில் வெளிவந்த ஐஓஎஸ் 14.5 பதிப்பிலிருந்து, ஒரு செயலி பிற செயலிகளிலும் இணையத்தளங்களிலும் நம்மைப் பின்தொடர வேண்டுமானால் முதலில் நம்மிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று ஆப்பிள் கட்டாயமாக்கியது. கேட்டால் யார்தான் சம்மதிப்பார்கள்? இதனால் 2022இல் தனக்குச் சுமார் 1,000 கோடி டொலர் வருமான இழப்பு ஏற்படும் என்று பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா கணித்தது. பயனருக்கு நன்மை கிடைத்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஆப்பிளுக்கும் சொந்தமாக ஒரு விளம்பரத் தொழில் இருக்கிறது என்பதையும், இந்த அனுமதி முறையை நடைமுறைப்படுத்திய விதம் போட்டியைப் பாதித்தது என்று கூறி பிரான்சின் போட்டி ஆணையம் 2025 மார்ச்சில் அதற்கு 15 கோடி யூரோ அபராதம் விதித்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதை விடப் பெரிய செய்தி, அமெரிக்க அரசு கூகுளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் வெளியானது: ஐபோனின் சஃபாரி உலாவியில் கூகுள் தேடலே இயல்பாக அமைந்திருப்பதற்காக 2022இல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்கு ஏறத்தாழ 2,000 கோடி டொலர் கொடுத்திருக்கிறது. வீட்டைக் கவனமாகப் பூட்டி வைத்துவிட்டு, வெளித்திண்ணையை வேவு பார்ப்பவருக்கே வாடகைக்கு விட்டதற்கு இது சமம்.

கூகுளின் பக்கத்திலும் கதை இதே போன்றதுதான். கைபேசித் தயாரிப்பாளர்கள் ப்ளே ஸ்டோரைப் பெற வேண்டுமானால் தன் தேடல் செயலியையும் குரோம் உலாவியையும் சேர்த்தே நிறுவ வேண்டும் என்று நிபந்தனை விதித்ததற்காக ஐரோப்பிய ஆணையம் 2018இல் அதற்கு 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. பின்னர் நீதிமன்றம் அத்தொகையைச் சற்றுக் குறைத்தது. அந்த நிபந்தனையின் வலிமையை நம் ஊர்க் கடைகளிலேயே பார்க்க முடிந்தது. 2019இல் அமெரிக்கத் தடையால் ஹுவாவே நிறுவனத்தின் புதிய கைபேசிகள் கூகுள் சேவைகளை இழந்த பிறகு, திருகோணமலை நகரில் அவற்றைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் கமெராவைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, "அண்ணா, இதில ப்ளே ஸ்டோர் வேலை செய்யுமா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். விண்டோஸ் போன் போய்விட்டது. பிளாக்பெரியின் பழைய இயங்குதளச் சேவைகள் 2022 ஜனவரியோடு நின்றுவிட்டன. நம் கடைகளில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் இரண்டே இயங்குதளங்கள். இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்வதை முழுமையான தெரிவு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்மைப் போன்ற ஊர்களில் வாழ்பவர்களின் தகவல் அன்றாடம் கசிவது கலிபோர்னியாவிலுள்ள கணினிகளின் வழியாக மட்டுமன்று. தெருமுனைக் கொமினிகேஷன் கடையில் ரீலோட் (கைபேசிக் கணக்கில் பணம்) போடுவதற்கு ஓர் அப்பியாசக் கொப்பி வைத்திருப்பார்கள். நூலில் கட்டிய பேனாவால் நம் இலக்கத்தையும் தொகையையும் நாமே அதில் எழுத வேண்டும். எழுதும்போது நமக்கு முன்னால் வந்தவர்களின் இலக்கங்கள் எல்லாம் கண்ணில் படும். நமக்குப் பின்னால் வருபவருக்கு நம்முடையது கண்ணில் படும். இளம்பெண்கள் பலர் தங்கள் இலக்கத்தை அந்தக் கொப்பியில் எழுதாமல், தம்பியையோ அப்பாவையோ அனுப்புவதற்கோ, செயலி வழியாகவே ரீலோட் செய்வதற்கோ காரணம், இரவில் தெரியாத இலக்கத்திலிருந்து வரும் 'மிஸ்ட் கோல்'களும் 'ஹாய்' என்ற செய்திகளும்தான். அவர்கள் கையில் ஐபோன் இருந்தாலும் அந்தக் கொப்பிக்கு அது தெரியாது.

திருத்தக் கடையின் நிலையும் இதுதான். உடைந்த திரையை மாற்றக் கொடுத்தால், கைபேசியின் முதுகில் ஒரு துண்டு ஒட்டுத்தாள் ஒட்டி, பெயர், பழுது, திரைப்பூட்டின் கடவுச்சொல் ஆகிய மூன்றையும் எழுதிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். இதில் கடைக்காரரின் தீய எண்ணம் எதையும் நான் காணவில்லை. வேலை முடிந்ததும் தொடுதிரை சரியாக இயங்குகிறதா என்று பார்க்க அவருக்குக் கடவுச்சொல் தேவைப்படுகிறது. ஆனால் அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கும் எவரும் அதை வாசிக்கலாம். சாம்சுங்கின் பல கைபேசிகளில் இதற்கென்றே பராமரிப்பு முறை என்றொரு வசதி உண்டு. கூகுளின் பிக்சல் கைபேசிகளிலும் அதே போன்ற ஒன்று உண்டு. அதை இயக்கிவிட்டுக் கொடுத்தால், திருத்துபவர் கருவியைச் சோதிக்கலாம், நம் படங்களையும் செய்திகளையும் பார்க்க முடியாது. கடைக்காரர்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அடுத்தது வட்ஸ்அப். 2016 முதல் அதில் அனுப்பும் செய்திகளின் உள்ளடக்கம் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையில் வேறெவரும் வாசிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்படுகிறது. அந்த அளவில் அது நல்ல சேவை. ஆனால் நாம் யாருடன், எப்போது, எவ்வளவு அடிக்கடி பேசுகிறோம் என்ற விபரம் வேறு; அதை இந்த மறையாக்கம் மறைப்பதில்லை. 2021 ஜனவரியில் அதன் தனியுரிமைக் கொள்கை மாற்றம் அறிவிக்கப்பட்டபோது என் நண்பர்கள் பலர் சிக்னலையும் டெலிகிராமையும் நிறுவினார்கள். சில வாரங்களில் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். (டெலிகிராமின் சாதாரண உரையாடல்களில் அத்தகைய மறையாக்கம் இயல்பாக இல்லை என்பதை அப்போது கவனித்தவர்கள் மிகச் சிலரே.) பிள்ளையின் வகுப்பாசிரியை வீட்டுப்பாடம் அனுப்புவது வட்ஸ்அப் குழுவில், கோயில் திருவிழா உபயகாரர் விபரம் வருவது வட்ஸ்அப் குழுவில், கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவருபவர் காலையில் விலை சொல்வதும் அங்கேதான் என்றிருக்கும்போது, தனியொருவர் கொள்கைக்காக விலகினால் தண்டனை அவருக்கு மட்டுமே கிடைக்கும்.

வலையமைப்புகளின் போட்டியும் சுருங்கிக்கொண்டே போகிறது. ஐந்து கைபேசி வலையமைப்பு நிறுவனங்கள் இருந்த இலங்கையில், 2018இல் எடிசலாட் ஹட்ச்சுடன் இணைந்தது, 2024இல் எயார்டெல் டயலொக்குடன் இணைந்தது. இப்போது இருப்பவை மூன்று. உவர்மலையில் ஒரு சிம் நன்றாக எடுக்கும், நிலாவெளிப் பக்கம் போனால் மற்றது எடுக்கும் என்று இரண்டு சிம் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் வங்கியிலிருந்து மருத்துவமனை வரை எல்லா இடத்திலும் ஒரே இலக்கத்தைக் கொடுத்து வைத்திருப்பவருக்கு, விளம்பரக் குறுஞ்செய்திகள் பொறுக்க முடியாத அளவுக்கு வந்தாலும் நிறுவனத்தை மாற்றுவது எளிதன்று. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இலேயே, அந்த ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக, நிறைவேறிவிட்டது. எனினும் அதன் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டது. அது முழுமையாக இயங்கினாலும், ரீலோட் கொப்பி வரை வந்து சேர நெடுங்காலம் எடுக்கும் என்றே நினைக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். அமைப்புகளுக்குள் போய் எதையும் மாற்றும் பழக்கமில்லாத ஒருவருக்கு, குறிப்பாக வயதான பெற்றோருக்கு, பணம் ஒரு தடையாக இல்லாவிட்டால் ஐபோன் நல்ல தெரிவு. எதையும் தொடாமலே அது ஓரளவு காக்கிறது. மற்றவர்கள் பெயரைப் பார்ப்பதை விட, எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும் என்று பார்த்து வாங்குங்கள். பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 வரிசைகளிலிருந்து ஏழு ஆண்டுகள் என்று உறுதியளித்திருக்கிறார்கள். மலிவான கைபேசிகளில் அது மிகக் குறைவு. பழைய ஐபோனை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அதற்கு ஐஓஎஸ் புதுப்பிப்பு இன்னும் வருகிறதா என்று முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். புதுப்பிப்பு நின்றுபோன ஐபோனை விட, புதுப்பிப்பு வரும் நடுத்தர அன்ட்ரொய்ட் எவ்வளவோ மேல். உங்களிடம் ஏற்கெனவே அப்படியொரு அன்ட்ரொய்ட் இருந்தால், அமைப்புகளில் விளம்பர அடையாளத்தை (விளம்பரத்துக்காக நம் கைபேசியை இனங்காணும் எண்ணை) அழித்துவிட்டு, இருப்பிடம், ஒலிவாங்கி ஆகியவற்றுக்கான அனுமதியைத் தேவையற்ற செயலிகளிடமிருந்து எடுத்துவிட்டு அதையே பயன்படுத்துங்கள். தனியுரிமை என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் கடன்பட்டு ஐபோன் வாங்க வேண்டியதில்லை.